குப்பைமேடு மூச்சை அடக்கிய கதை

ஊரின் கழிவையெல்லாம் முப்பது வருஷமாகத் தின்று வளர்ந்த குப்பைமேட்டுக்குள் ஒருநாள் இரும்புக் குழாய் இறங்கியது.

"வாழ்த்துகள், ஐயா! உங்கள் வாயுவில் மின்சாரம் எடுக்கும் திட்டத்தில் நீங்களாகவே முன்வந்து சேர்ந்திருக்கிறீர்கள்" என்றது குழாய்.

"நானா? எப்போது?"

"இங்கே மாட்டப்போகும் பலகையில் அப்படித்தான் எழுதியாகிவிட்டதே. பெயிண்ட்கூடக் காய்ந்துவிட்டது."

"சேர்கிறேன். ஆனால் முதல் விளக்கு என் காலடிக் குடிசைகளில் எரிய வேண்டும். என் நாற்றத்தைச் சுவாசித்துக்கொண்டு இருட்டில் கிடப்பவர்கள் அவர்கள்தான்."

"விண்ணப்பத்தில் அதற்கு இடமில்லை. கம்பி ஊருக்குள்தான் போகிறது."

"அப்படியானால் என் மூச்சு எனக்குள்தான் இருக்கும்."

மேடுகள் பிடிவாதக்காரர்கள், தானாக இடம் மாறிய மேட்டை யாரும் பார்த்ததில்லை.

திறப்பு விழாவில் மாலை போட்ட மனிதர் பொத்தானை அமுக்கினார். விளக்கு எரியவில்லை. மறுபடி அமுக்கினார். தட்டுவதற்குத் தூக்கிய கைகள் மெல்ல இறங்கின.

"மானம் போகிறது, கொஞ்சம் மூச்சு விடுங்கள்!" என்று குழாய் கெஞ்சியது.

"குடிசைக்குக் கம்பி வந்ததா?"

குழாய் ஓடிப்போய் அதிகாரிகளிடம் சொன்னது. மூன்றாம் நாள் கம்பி வந்தது. மேடு நிதானமாக மூச்சு விட்டது. கடைசிக் குடிசையிலும் பல்பு எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் குழாயிடம் பேசியது.

"இப்போது மாட்டு உன் பலகையை."