பட்டியலில் இல்லாத கிணறு

"நம்ம நாட்டுல எரிவாயுக் கசிவு முப்பது வருஷமா இறங்கிக்கிட்டேதான் வருது சார். ஆபீஸ் சுவத்துல மாட்டியிருக்கிற வரைபடத்துல கோடு இறங்குறதைப் பாருங்க" என்று எரிவாயுக் கம்பெனி ஆள் ஒருவர் ஜீப்பில் ஏறிக்கொண்டே சொன்னது, குட்டையில் கிடந்த தவளையின் காதில் விழுந்தது.

தவளைக்கு அதைக் கேட்டும் நிம்மதியாக உட்கார முடியவில்லை. இலைக்கு இலை தாவிக்கொண்டே இருந்தது. வயிறு நிறைய முட்டை. இன்றோ நாளையோ இட்டாக வேண்டும். போன வருஷம் இங்கே இட்டதில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. குட்டைக்குள் மூடி போட்ட குழாயாக நீட்டிக்கொண்டு நின்ற பழைய எரிவாயுக் கிணறு ஓயாமல் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் அந்தக் கிணற்றின் துருப்பிடித்த மூடியிடமே போனது.

"அண்ணே, கசிவு குறைஞ்சுடுச்சாமே?"

"பின்னே? இந்தக் கிணத்தை மூடிப் பதினோரு வருஷமாச்சு. அன்னைக்கே பட்டியல்ல பேரை அடிச்சுட்டாங்க. கோடு சும்மாவா இறங்குச்சு?"

மூடிக்கு அடியிலிருந்து மூன்று குமிழிகள் கிளம்பின.

"அப்ப இது என்னண்ணே?"

"எது?"

"இப்ப வந்துச்சே."

"மூடின கிணத்துல எப்படிம்மா வரும்? உனக்குச் சந்தேகம்னா ஆபீஸ்ல போய்க் கேளு."

மூடி சொல்லி முடிப்பதற்குள் இன்னும் ஐந்து குமிழிகள் வந்து உடைந்தன.

தவளை கரையேறியது. கனத்த வயிற்றை இழுத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்து வாய்க்காலை நோக்கி, மத்தியான வெயிலில் கொதித்துக்கிடந்த தார் ரோட்டில் முதல் தாவலைத் தாவியது.