நிலாவில் அண்ணாந்து குடித்தவர்

நிலா நிலையத்தில் யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்கக் கூடாது. எல்லோரும் இந்தியர், அவ்வளவுதான். பேச்சும் பொதுமொழியில்தான். வெல்டிங் வேலைக்கு வந்த நாள்முதல் மங்கையர்க்கரசிக்கு மன்னார்குடி என்று வாய்விட்டுச் சொல்ல ஆளில்லாமல் நாக்கு அரித்துக்கொண்டிருந்தது.

அன்று சாப்பாட்டுக் கூடத்தில் புதிதாக வந்த ஒருவர், ஸ்ட்ராவைத் தள்ளிவிட்டு, பாட்டிலை உயர்த்தி, உதட்டில் படாமல் அண்ணாந்து கவிழ்த்தார். நிலாவில் தண்ணீருக்கு ஏது அவசரம்? மெல்ல இறங்கி, வாயைத் தவறவிட்டு, மூக்கையும் மீசையையும் நனைத்தது.

வந்த புதிதில் அவளும் இப்படித்தான் நனைந்தாள். துண்டை நீட்டியபடி தமிழிலேயே கிசுகிசுத்துவிட்டாள். "அண்ணே, தஞ்சாவூர்ப் பக்கமா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "இல்லம்மா, கர்நாடகா. மண்டியா. தமிழ் கொஞ்சம் வரும்."

அவள் முகம் மாறியது. "ஓகோ! காவிரிய அடைச்சு எங்க வயலக் காயப்போட்டது நீங்கதானா?"

"எங்களுக்கே குடிக்க இல்ல. உங்களுக்கு எங்கிருந்து விடறது?"

குரல்கள் ஏறின. சுவரில் சிவப்பு விளக்கு எரிந்தது. பூமிக்குப் பேசும் சலுகை இருவருக்கும் ஒரு மாதம் ரத்தானது.

மறுநாள் கூடம் முழுக்க இடம் காலியாக இருந்தும், மங்கையர்க்கரசி நேராக அவருக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். "நேத்து சண்டைய பாதியிலேயே விட்டுட்டு எந்திரிச்சிட்டீங்களே, அண்ணே?"

அவர் சிரித்துக்கொண்டே பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"மொதல்ல தண்ணி குடிம்மா. அப்புறம் சண்டை போடலாம்."