ட்ரெயிலருக்குத் தேசிக்காய்

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகர அகதி விடுதி வாசலில், இரவல் காருக்குப் பின்னால் வாடகை ட்ரெயிலர் கொழுவி நிற்கிறது. லொறி பிடித்தால் கட்டாது என்று மெத்தை, தையல் மெஷின், இடியப்ப உரல் எல்லாம் அதற்குள்தான். மேலே கட்டிய நீலப் படங்கு காற்றில் படபடக்க, தேவமலரின் நெஞ்சும் சேர்ந்து அடிக்கிறது. இனிக் குடிபோகும் வீட்டில் தனிக் கதவு, தனி அடுப்பு. பயணம் நல்லபடி அமையக் காரின் முன்சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் இரண்டை வைத்துவிட்டு, கணவன் தவராசா ஏறி உட்காருகிறான். அவள் குனிந்து இரண்டையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடுகிறாள். "என்னப்பா செய்யிறீர்?" என்று அவன் எட்டிப் பார்க்கிறான். "கார் ஆரின்ரையோ. எங்கட வீடு பின்னாலையெல்லோ வருது." ட்ரெயிலர் சில்லுகளுக்குக் கீழே வைத்துக் கையசைக்கிறாள். சில்லு உருளச் சாறு பீறிடுகிறது; நிலக்கரிப் புகை மணக்கும் தெருவில் தேசிக்காய் வாசம் எழுகிறது. காரில் ஏற மறந்து, ட்ரெயிலரின் விளிம்பைப் பிடித்தபடி அவளும் கூடவே நடக்கிறாள்.