சுறாப்படம் ஓடும் பஸ்

தாயில்பட்டியிலிருந்து பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் காலை பஸ்ஸில் படம் ஓடுகிறது. தன் ஜோடியைக் கொன்ற படகுக்காரனைத் தேடி ஒரு சுறா கடலைக் கிழித்துக்கொண்டு வருகிறது. "ஏலே, ஓடுலே!" என்று பெண்கள் திரையைப் பார்த்துக் கத்திச் சிரிக்கிறார்கள். போர்மேன் கருத்தப்பாண்டிக்கு மட்டும் சட்டை முதுகோடு ஒட்டுகிறது. போன சீசனில் கம்பெனியில் நடந்த வெடி விபத்தில் புருஷனைப் பறிகொடுத்த முருகேஸ்வரி, நெற்றியில் திருநீறு மட்டும் இட்டுக்கொண்டு, பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். இன்றுதான் அவளுக்கு முதல் நாள் வேலை. வெயில் ஏறிவிட்டது, இனி வெடிமருந்தைத் தொட வேண்டாம் என்று சொன்ன அவள் புருஷனை, ஆர்டர் அவசரத்தைச் சொல்லி உள்ளே அனுப்பியவன் கருத்தப்பாண்டிதான். அது அவளுக்குத் தெரியுமா? இத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று கேட்டுவிடுவாளா? திரையில் சுறாவின் கண் பெரிதாகிறது. முருகேஸ்வரி திரும்புகிறாள். "என்னண்ணே, இப்பிடி வேர்க்குது? வெறும் வயித்தோட வந்தீகளா?" தூக்குச்சட்டி மூடியில் இரண்டு இட்லியை வைத்து நீட்டுகிறாள். அவன் மூடியை வாங்கவில்லை. "தாயி, அன்னைக்கு நான்தான்..." "தெரியும்ணே. மொதல்ல சாப்பிடுங்க." மூடியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொள்கிறான். வேர்வை முன்னைவிடக் கூடுகிறது.