வெந்நீர்த் துண்டு

வக்கீலின் தொண்டைக்குழியில் கத்தி பளபளத்தது. அவர் உதட்டை அசைக்காமல் பல்லிடுக்கில் பேசினார்.

“அவசரப்படாதய்யா. திவால் மனு போட்டுட்டா அப்புறம் பின்வாங்க முடியாது.”

“வேற வழி சார்? வட்டிக்காரர் நாளைக்கு வந்து ரெண்டு நாற்காலியையும் தூக்கிட்டுப் போறேன்னுட்டார். அப்புறம் வர்றவங்களை எதுல உட்கார வைக்கிறது, என் மடியிலயா?” என்றபடி சலூன்காரர் கத்தியை மேலே இழுத்தார். ஒரு பக்கக் கன்னம் வழுவழுவென்று ஆனது.

கடையைப் பூட்டிவிட்டு வக்கீல் ஆபீசுக்கு அலைய அவருக்கு ஒழியவில்லை. அதனால் சவரத்துக்கு வரும் வக்கீலிடமே மனு வேலையை முடித்துக்கொண்டிருந்தார். நுரை காயும்வரை மனிதர் எழுந்து ஓட முடியாதே!

பக்கத்து நாற்காலியில் ஒரு பருத்த ஆசாமி, முகம் முழுக்க வெந்நீர்த் துண்டோடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சலூன்காரர் போய்ச் சூடாக வேறு துண்டு மாற்றிவிட்டு வந்தார்.

“மனு போட்டா அவர் நாற்காலியை எடுக்க முடியுமா சார்?” இதை மட்டும் ஏனோ ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டார்.

“அதெல்லாம் தொழில் சாமான்யா. கத்தி, கத்தரி, நாற்காலி எதையும் தொட முடியாது.”

“வட்டி?”

“வட்டியாவது குட்டியாவது! அசல்ல ஏதாவது தேறினாலே அவர் செஞ்ச புண்ணியம்.”

குறட்டை நின்றது.

“அப்ப நாளைக்கே போட்டுடுங்க சார்!”

துண்டு பறந்துபோய்க் கண்ணாடியில் விழுந்தது. சிவந்த முகத்தோடு வட்டிக்காரர் துள்ளி எழுந்தார்.

“அடப்பாவி! ஓசியில சவரம் பண்றேன்னு நீ கூப்பிட்டப்பவே யோசிச்சிருக்கணும்!”

“ஐயோ, முழிச்சுட்டீங்களாண்ணே?” சலூன்காரர் முகத்தில் பால் வடிந்தது.

வக்கீல் அவர் கையைச் சுரண்டினார். “இந்தக் கன்னத்துக்கும் நுரை போடுய்யா.” மழித்து முடித்த கன்னம்தான். சலூன்காரர் இருந்த சந்தோஷத்தில் மறுபேச்சில்லாமல் கண்வரை அப்பினார்.

“யாருய்யா இந்த வக்கீல்?” என்று திரும்பிய வட்டிக்காரருக்கு நுரைதான் தெரிந்தது. “மனுவும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். நாற்காலியை நீயே வச்சுக்க. வட்டியை விட்டுடறேன், அசலை மாசாமாசம் கொடு. வெளியில மட்டும் மூச்சு விடாதே, எல்லாப் பயலும் கிளம்பிடுவான்!” கழுத்தில் கட்டிய துணியோடே வெளியேறினார்.

சலூன்காரர் காலியான நாற்காலியை ஒருமுறை தடவிக்கொடுத்தார்.

“கடை பிழைச்சுது சார். உங்க பீஸ் எவ்வளவுன்னு சொல்லுங்க.”

வக்கீல் நுரைக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தார்.

“பீஸ் கிடக்கட்டும். அடுத்த தடவை அவர் முகத்துல துண்டு போட்டதும் எனக்கு ஒரு போன் அடி. நானும் அவர்கிட்டதான் கடன் வாங்கியிருக்கேன்.”