கோயில் கதவுக்குப் பலகை

ஜெயரூபனின் மாமனார் வீரசிங்கம் மரம் அறுக்கும் மெஷினின் சங்கிலியில் வெற்றிலை எச்சிலைத் துப்புவார். துப்பினால்தான் கிளம்புமாம். அவர் செத்த பிறகும், தேய்ந்துபோன அந்த மெஷினை எத்தனை முறை கழுவியும் நாற்றம் போகவில்லை. வெற்றிலையைக் கண்டாலே குமட்டும் அவனுக்கு.

தேயிலைத் தோட்டத்துக் கோயில் கதவுக்குப் பலகை அறுத்துத் தரும்படி அவனிடம் கேட்டார்கள்.

“அப்பா துப்புன மெஷின்ல சாமி கதவா? சீ, புதுசு வாங்குங்க” என்றாள் மனைவி தயானி.

பெரகல சந்திக் கடையில் புது மெஷின் வாங்கி, சந்தனம் பூசி, எலுமிச்சம்பழம் வெட்டினான். இருபது தடவை கயிற்றை இழுத்தும் கிளம்பவில்லை.

“அப்பா மாதிரி துப்பித்தான் பாருங்களேன்” என்று சிரித்தாள் தயானி.

நினைத்ததுமே அருவருப்பில் அவனுக்கு வாய் ஊறியது. அடக்க முடியாமல் துப்பிவிட்டான். சங்கிலியில் சிவப்பாக விழுந்தது.

அடுத்த இழுப்பில் மெஷின் கிளம்பியது. ஜெயரூபனின் நாக்கில் மென்ற பாக்குத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.