பட்டியலில் முப்பத்தெட்டு

“நீ எப்பம்மா மறுபடி படிக்கப் போறே?” என்று எதிர்வீட்டு அக்கா ஒருமுறை அவளைக் கேட்டாள்.

“அண்ணனோட ஆய்வுக் கட்டுரை ஜர்னல்ல வந்ததும் பள்ளிக்கூடத்துல சேர்த்துவிடறேன்னு சொல்லியிருக்கான்க்கா.”

அக்கா கேட்டு நாலு வருடம் ஆகிறது. தங்கை ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அண்ணன் கல்லூரி ஆசிரியர். அவன் வீட்டில் சமையலும் குழந்தையும் போக, கட்டுரையின் கடைசியில் வரும் மேற்கோள் பட்டியலை ஒழுங்குபடுத்துவதும் அவள் தலையில்தான்.

“மறுபடி திருப்பி அனுப்பிட்டாங்க தங்கச்சி. இது வேற ஜர்னல், வருஷத்தை முன்னால போடணுமாம். ஒரு புள்ளி தப்பினாலும் போச்சு” என்பான் அண்ணன். ஐந்து முறை மாற்றிவிட்டாள். தொண்ணூறு மேற்கோளும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஒருநாள், அண்ணனைப் போலவே கல்லூரியில் பாடம் எடுக்கும் அண்ணியும் தன் கட்டுரையை நீட்டினாள். “அண்ணனுக்கு மட்டும்தான் செய்வியா? எனக்கு ஓரவஞ்சனையா?”

சிரித்துக்கொண்டே வாங்கி, வரி வரியாகச் சரிபார்த்தாள். முப்பத்தெட்டில் விரல் நின்றது. அண்ணன் பெயர். அவள் ஐந்து முறை மாற்றிய அதே கட்டுரை. ஜர்னலின் பெயர், பக்க எண், எல்லாம் இருந்தன. வெளியான ஆண்டு, மூன்று வருடத்துக்கு முந்தியது.

ஆண்டுக்குப் பிறகு ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. அதை வைத்தாள்.

“முடிஞ்சுதா? குழந்தை அழறான் பாரு” என்றான் அண்ணன்.

முப்பத்தெட்டின் கீழே கோடு போட்டு, தாளை அவன் முன்னால் வைத்தாள். பீரோவிலிருந்து பள்ளிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டி வெளியே போனாள்.